டாக்டர் ‘ட்ரையல்ல சேர்றீங்களா?’ என்று கேட்டால்

போன வருடம் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு சித்தியிடமிருந்து போன். “டேய், சித்தப்பாவ ஏதோ ட்ரையல்ல சேக்கட்டுமான்னு கேக்கறாங்கடா. இருபத்தாறு பக்கத்துக்கு ஒரு பேப்பர் கட்டு குடுத்திருக்காங்க. நாம என்ன எலியா?” பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல். வாயில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பேச்சு கொஞ்சம் குழறும், நக்கல் மட்டும் குழறாது. “ட்ரையல்னா ரங்கநாதன் தெருவுல சட்டை போட்டுப் பாக்கற மாதிரிதானே, புடிக்கலன்னா கழட்டிட்டு வந்துடலாம்.”

இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் தப்பு, கொஞ்சம் சரி. அன்று போனில் பாதியும் மறுநாள் திருவல்லிக்கேணிக்குப் போய் மீதியுமாக அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. சில வருடங்கள் மருந்து ஆய்வுகளில் கோஆர்டினேட்டராக இருந்தவன், அதாவது ஃபைலைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கும் லேபுக்கும் நடந்தவன். அதனால் இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் போய் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள மட்டும் படியுங்கள்.

சித்தப்பா கதை இதுதான். பைண்டிங் கடை, நாற்பது வருடமாக வெற்றிலையோடு புகையிலை, இடது கன்னத்தின் உள்ளே ஆறாத புண், சதை டெஸ்ட், வாய்ப் புற்றுநோய் என்று ரிப்போர்ட், ஆபரேஷன். கன்னத்தோடு கழுத்திலும் வெட்டியிருந்தார்கள். அடுத்து ஆறு வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒரு கீமோ என்று முடிவாகியிருந்தது. இந்தக் கரண்ட் கீமோவோடு சேர்த்து ஒரு புது மாத்திரை கொடுத்தால் நோய் திரும்பி வருவது குறையுமா என்பதைத்தான் அந்த ட்ரையல் பார்க்கப் போகிறது.

சித்தி அங்கேயே நிறுத்தினார். “குறையுமான்னு டாக்டருக்கே தெரியாதா?”

தெரியாது. தெரியாததால்தான் ட்ரையல். இந்த ஒரு விஷயம் மனதில் இறங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். கிளினிக்கல் ட்ரையல் என்பது பதில் தெரியாத ஒரு கேள்வியை மனிதர்களிடம், முன்கூட்டியே எழுதி வைத்த விதிகளின்படி கேட்டுப் பார்ப்பது. புது மருந்து நல்லது என்று முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பேருக்கு அதைக் கொடுக்காமல் இருப்பது பாவம். கெட்டது என்று தெரிந்திருந்தால் மீதிப் பாதிக்குக் கொடுப்பது பாவம். உண்மையாகவே எந்தப் பக்கமும் சாய முடியாத நிலைமையில்தான் இப்படி ஒரு ஆய்வை நடத்தலாம். நம் ஊரில் டாக்டர் ‘தெரியாது’ என்று சொன்னால் நாம் வேறு டாக்டரைத் தேடிப் போகிறோம், அதனாலோ என்னவோ அவர்களும் லேசில் சொல்வதில்லை.

கழுத்தில் எதற்கு வெட்டினார்கள் என்று சித்திக்கு ஒரு மாதமாக ஆதங்கம். கையால் தடவிப் பார்த்தபோது கழுத்தில் ஒன்றுமே தட்டுப்படவில்லையே, பிறகு எதற்கு? நியாயமான கேள்வி, டாக்டர்களே பல பத்து வருடங்கள் சண்டை போட்ட கேள்வி. வாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருக்கும்போது, நெறி கட்டாத கழுத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட வேண்டுமா, அல்லது கவனித்துக்கொண்டே இருந்து கட்டி வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாமா? இரண்டு கட்சியிலும் பெரிய டாக்டர்கள் இருந்தார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் இதை ஒரு ட்ரையலாக நடத்தி 2015இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் 500 பேரின் கணக்கைப் பார்த்தபோது, கழுத்தையும் முதலிலேயே எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக வந்ததும், இனியும் ஆட்களைச் சேர்ப்பது தப்பு என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சித்தப்பா கழுத்திலிருந்து எடுத்த நிணநீர்க் கணுக்களில் இரண்டில் நோய் இருந்தது லேப் ரிப்போர்ட்டில்தான் தெரிந்தது, விரலுக்குத் தட்டுப்பட்டிருக்காது. எங்கோ முன்பின் தெரியாத 500 பேர் இதே மாதிரி ஒரு பேப்பர் கட்டில் கையெழுத்துப் போட்டதால் இவருக்குக் கிடைத்த ஆபரேஷன் அது. சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் அந்தக் குலுக்கல் விஷயம். யாருக்குப் புது மாத்திரை, யாருக்குப் பழைய சிகிச்சை மட்டும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும், சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி. ரேண்டமைசேஷன் என்பார்கள். இதைக் கேட்டதும் எல்லோர் முகமும் சுருங்கிவிடும். ‘என் உயிர் என்ன ஏலச்சீட்டா?’ என்று ஒரு அம்மா என்னிடமே கேட்டிருக்கிறார். ஆனால் டாக்டர் கையில் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தெம்பாக இருப்பவர்களுக்குப் புது மருந்தைக் கொடுப்பார், தளர்ந்தவர்களுக்கு ‘எதற்கு ரிஸ்க்’ என்று பழையதையே கொடுப்பார். கடைசியில் புது மருந்துப் பக்கம் ஜெயித்தால், ஜெயித்தது மருந்தா, அவர்கள் உடம்பில் ஏற்கெனவே இருந்த தெம்பா? குலுக்கிப் போட்டால் வயது, வசதி, தெம்பு, சாப்பாடு, நமக்குப் பெயர்கூடத் தெரியாத மற்ற காரணங்கள் எல்லாமே இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாகப் பிரிந்துவிடும். மிச்சமிருக்கும் ஒரே வித்தியாசம் மருந்துதான்.

இந்த மாதிரி குலுக்கல் ஆய்வுகளில் உலகப் புகழ் பெற்ற ஒன்று நம் சேத்துப்பட்டில் நடந்தது என்பது சென்னையிலேயே பல பேருக்குத் தெரியாது. அது புற்றுநோய் பற்றியது அல்ல, காசநோய். 1956இல் இங்கே ஒரு காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கினார்கள். காசநோய் வந்தால் ஆளை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, பாலும் முட்டையும் நல்ல காற்றும் கொடுத்தால்தான் பிழைப்பார் என்று உலகமே நம்பிய காலம். நம்மிடம் இருந்த நோயாளிகளுக்கு அத்தனை கட்டிலுக்கு எங்கே போவது? 193 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், மறு பாதிக்கு வீட்டிலேயே அதே மாத்திரைகள், ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள், சாப்பாடும் சானடோரியத்துக்காரர்கள் அளவுக்குக் கிடையாது. 1959இல் வெளியான முடிவு: குணமாவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, வீட்டில் வைத்தியம் பார்த்தவர்களின் குடும்பத்தாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்தது. பெரிய பெரிய டாக்டர்களின் அனுபவம் ஒரு பக்கம் சொல்ல, குலுக்கல் வேறு பக்கம் காட்டியது. அந்த மையம் இன்னும் சேத்துப்பட்டில்தான் இருக்கிறது, தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில்.

இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு, அது புற்றுநோயிலேயே. 1990களில் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களுக்கு, எலும்பு மஜ்ஜையே அழிந்துபோகும் அளவுக்குக் கீமோவை ஏற்றி, முன்பே எடுத்து வைத்த அவர்களுடைய செல்களைத் திரும்பச் செலுத்தும் சிகிச்சையை ஆயிரக்கணக்கானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘அதிக மருந்து, அதிக பலன்’ என்பது கேட்க நன்றாகத்தானே இருக்கிறது. ட்ரையல் முடிவுக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டெல்லாம் வாங்கினார்கள். 1999இல் ஒப்பீட்டு ஆய்வுகளின் முடிவு வந்தபோது சாதாரணக் கீமோவைவிட அது ஆயுளைக் கூட்டவில்லை என்று தெரிந்தது. நல்ல பலன் என்று காட்டிய ஒரே தென்னாப்பிரிக்க ஆய்வும் போலி என்று அடுத்த வருடம் அம்பலமானது. ட்ரையலுக்கு வெளியே இருந்தால் நாம் எலி இல்லை என்று நினைக்கிறோம். அந்தப் பெண்கள் மீது நடந்ததும் ஒரு சோதனைதான், கணக்கு எழுதி வைக்காத சோதனை.

சரி, ‘ஃபேஸ்’ என்றால் என்ன? பேப்பரின் முதல் பக்கத்திலேயே ஃபேஸ் 1, 2, 3 என்று ஏதாவது ஒன்று இருக்கும். கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றும் கேட்கும் கேள்வியே வேறு.

ஃபேஸ் 1இன் கேள்வி, இந்த மருந்தை எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்பது. தலைவலி மாத்திரை மாதிரியான மருந்துகளுக்கு இதை ஆரோக்கியமானவர்களிடம் பார்ப்பார்கள். புற்றுநோய் மருந்துகள் பெரும்பாலும் கடுமையானவை என்பதால் நோயாளிகளிடமே பார்க்கிறார்கள், அதுவும் மற்ற வழிகளெல்லாம் தீர்ந்தவர்களிடம். வழக்கமான ஒரு முறை: மூன்று பேருக்குக் குறைந்த அளவு, பெரிய பிரச்சினை இல்லையென்றால் அடுத்த மூன்று பேருக்குக் கொஞ்சம் கூட்டி, ஒருவருக்குக் கடுமையான விளைவு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேர். இப்படிப் படியேறுவார்கள். இதில் சேருபவருக்கு நோய் கட்டுப்படும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு, அதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஃபேஸ் 2இல், அந்த அளவில் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேனில் கட்டிகளை அளந்து கூட்டினால் 30 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் ‘ரெஸ்பான்ஸ்’ என்று எழுதுவார்கள். ரெஸ்பான்ஸ் என்றால் குணம் என்று அர்த்தமில்லை, இந்த வார்த்தையில் ஏமாந்தவர்கள் நிறைய. ஃபேஸ் 3தான் குலுக்கல், நூற்றுக்கணக்கில் சில சமயம் ஆயிரக்கணக்கில் ஆட்கள், இப்போது இருப்பதில் சிறந்த சிகிச்சையோடு ஒப்பீடு. கடைக்கு வந்த பிறகு கண்காணிப்பது ஃபேஸ் 4. சித்தப்பாவுக்குக் கேட்டது ஃபேஸ் 3.

எல்லா மருந்துக்கும் குலுக்கல் தேவையா என்றால், எப்போதாவது தேவைப்படாமலும் போகும். 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்பவர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகவாவது பின்வாங்கியதைக் காட்டினார். அதற்கு முன் அந்த நோயில் எதுவுமே வேலை செய்ததில்லை, அதனால் ஒப்பிட ஒன்றும் இல்லை. அந்த மருந்தைச் செய்துகொடுத்த குழுவின் தலைவர் நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்திக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனதால் முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு கப்பலேறிய மனிதர். அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் வார்டில் இருக்கிறது. ஆனால் இப்படிப் பளிச்சென்று தெரியும் பலன் அபூர்வம். பெரும்பாலான புது மருந்துகள் தரும் லாபம் சின்னது, நூறு பேரில் ஐந்து பேர், பத்துப் பேர். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கணக்குப் போட்டால்தான் தெரியும்.

அந்த மெத்தோட்ரெக்சேட்டை வைத்தே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். ட்ரையல் என்றாலே வெளிநாட்டுக் கம்பெனி, கோடிக்கணக்கில் பணம் என்று நினைக்கிறோம். டாடா மெமோரியல் 2022இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், தலை கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேரைப் பிரித்து, ஒரு பக்கம் மெத்தோட்ரெக்சேட் உள்பட மூன்று மலிவான மாத்திரைகள், இன்னொரு பக்கம் அதே மாத்திரைகளோடு நிவோலுமாப் என்ற மிக விலை உயர்ந்த ஊசியை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாமல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரைப் பக்கம் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்த பக்கம் 43.4. விற்பனையைப் பத்தில் ஒரு பங்காக்கும் ஆய்வை எந்தக் கம்பெனி நடத்தும்? இந்தக் கேள்வியை நம் ஊர் டாக்டர்கள் கேட்டதால்தான் பதில் வந்தது. அதனால் ட்ரையலை நடத்துவது யார், பணம் யாருடையது என்று தயங்காமல் கேளுங்கள். கம்பெனி நடத்தினால் கெட்டது என்றில்லை, யாருடைய கேள்வி என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி சித்தியின் பெரிய பயம். “சக்கரை உருண்டை குடுத்து ஏமாத்திட்டா?” பிளாசிபோ என்ற மருந்தில்லாத மாத்திரையைச் சொல்கிறார். சித்தப்பாவின் ட்ரையலில் அது இருந்தது உண்மை. ஆனால் எப்படி? கரண்ட், கீமோ இரண்டும் எல்லோருக்கும் முழுசாக உண்டு. அதற்கு மேல் ஒரு பாதிக்குப் புது மாத்திரை, மறு பாதிக்கு அதே நிறத்தில் அதே அளவில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆபத்து என்றால் கவரைப் பிரித்துப் பார்க்க வழி வைத்திருப்பார்கள். வேலை செய்யும் சிகிச்சை ஒன்று கையில் இருக்கும்போது அதைப் பிடுங்கிவிட்டு வெறும் மாத்திரையை மட்டும் கொடுப்பது புற்றுநோய் ஆய்வுகளில் ஏற்கக்கூடியது அல்ல. உங்களுக்குக் கொடுத்த பேப்பரில் ‘மற்ற பிரிவினருக்கு என்ன சிகிச்சை’ என்ற இடத்தை இரண்டு முறை படியுங்கள். ட்ரையலில் சேராவிட்டால் எனக்குக் கிடைக்கப்போவது எதுவோ, அதற்குக் குறைவாக எந்தப் பிரிவிலாவது இருக்கிறதா? இதுதான் கேள்வி.

பேப்பரைப் பற்றி. நான் போனபோது சித்தப்பா அதை ஸ்டேப்ளர் பின்னை எடுத்துவிட்டு நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தார், தொழில் பழக்கம். இந்தியாவில் ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருந்தாக வேண்டும். தமிழில்தான் இருந்தது, ஆனால் அது பத்திர எழுத்தர் தமிழ். ‘யாதொரு காரணமும் தெரிவிக்காமல் எந்நேரத்திலும் விலகிக்கொள்ள உரிமை உண்டு’ என்று ஒரு வரி. சித்தப்பா சொன்ன அந்தச் ‘சட்டையைக் கழட்டிடலாம்’தான் இது. நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் வரலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சையை அதற்காக நிறுத்தக் கூடாது. ஒன்று மட்டும், ஏற்கெனவே உள்ளே போன மருந்தைக் கழட்ட முடியாது, அதனால் விலகினாலும் செக்கப்புக்கு வரச் சொன்னால் போய்விட்டு வாருங்கள்.

அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து, நாலு பேரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்வது உங்கள் உரிமை. படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன்னால் படித்துக் காட்ட வேண்டும். நம் நாட்டில் இந்த விதிகள் சும்மா வந்துவிடவில்லை. சரியாகச் சொல்லாமல் ஆட்களைச் சேர்த்த புகார்கள் கிளம்பி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 வாக்கில்தான் கடுமையாகின. இப்போது நடைமுறையில் இருப்பது 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள். அதன்படி ஒவ்வொரு ஆய்வையும் ஒரு எதிக்ஸ் கமிட்டி பார்த்து அனுமதிக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர், அதில் ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு பெண், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண ஆள், பாதிப் பேராவது அந்த மருத்துவமனைக்கு வெளியே இருந்து. அவர்கள் போன் நம்பர் படிவத்தில் இருக்கும், டாக்டரிடம் கேட்க முடியாததை அங்கே கேட்கலாம். யாரும் போன் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

ஆய்வினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எந்தக் காரணத்துக்காக அட்மிட் ஆனாலும், மவுண்ட் ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் உடைந்திருந்தாலும்கூட, கோஆர்டினேட்டருக்குச் சொல்லிவிடுங்கள். தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அதை மேலே அறிவிக்க வேண்டிய பொறுப்பு டாக்டருடையது. காலுக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம், மயக்கம் வந்துகூட விழுந்திருக்கலாம்.

இன்னொன்று, பதிவு எண். 2009 ஜூனிலிருந்து இந்தியாவில் மருந்து ஆய்வுகளை, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே, சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எண்ணைக் கேட்டு வாங்கித் தேடினால் என்ன கேள்வி, எத்தனை பேர், எந்தெந்த ஊர், செலவு யாருடையது எல்லாம் வரும். எண் இல்லை என்று யாராவது சொன்னாலோ, ‘ட்ரையல்’ என்று சொல்லிவிட்டு அந்த மருந்துக்கே பணம் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள். மருந்தும் ஆய்வுக்கென்றே எடுக்கும் டெஸ்டுகளும் நோயாளி செலவாக இருக்கக் கூடாது. வழக்கமான ஸ்கேன், கரண்ட் செலவு யாருடையது, முதலமைச்சர் காப்பீட்டில் வருமா, வந்து போகும் ஆட்டோ காசு கிடைக்குமா என்பதையெல்லாம் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வருபவர்கள் பாதியில் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன், பல பேருக்குக் காரணம் மருந்து இல்லை, விடியற்காலை பஸ்ஸும் போன நாள் கூலியும்தான்.

சித்தி மூன்று நாள் யோசித்தார். பக்கத்து வீட்டு நர்ஸிடம் கேட்டார், ஜோசியரிடமும் கேட்டார் என்று நினைக்கிறேன். நான்காம் நாள் இரண்டு பேரும் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு ஸ்கிரீனிங், அதாவது அந்த ஆய்வுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டுகள். ரத்தம் சரியாக இருந்தது, ஈ.சி.ஜி.யில் ஒரு இடைவெளி அவர்கள் வைத்திருந்த வரம்பைவிடக் கொஞ்சம் நீளம். அந்த மாத்திரை அதை இன்னும் நீட்டிவிடலாம் என்பதால் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வழக்கமான கரண்டும் கீமோவும் அடுத்த திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டது.

சித்திக்குத்தான் தாங்கவில்லை. “எவ்வளவு யோசிச்சு கையெழுத்துப் போட்டோம், இப்ப வேணாங்கறாங்களே” என்று என்னிடம் பொருமித் தீர்த்தார். சித்தப்பா போனைப் பிடுங்கி, “சைஸ் இல்லன்னு அனுப்பிட்டாங்கடா” என்றார்.